காட்டுக்கு ஒரு வாய்த் தண்ணீர்

கோடையில் விலங்குகளுக்காக வெட்டும் சிறு குட்டை உயிரைக் காக்கும். இடமும் சரிவும் பார்க்காமல் வெட்டினால் அதுவே உயிரை வாங்கும்.

புத்த பூர்ணிமை இரவு. ராஜஸ்தான், மகாராஷ்டிரக் காடுகளில் நீர்நிலைக்கு ஒரு மச்சான் என்று கட்டி, வனக் காவலர்களும் தன்னார்வலர்களும் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். கணக்கு 24 மணி நேரத்துக்கு. பேச்சு கூடாது, பீடி கூடாது. நிலா வெளிச்சத்தில் தண்ணீருக்கு வருகிற ஒவ்வொரு உருவத்தையும் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்: கரடி ஒன்று, கடமான் ஆறு, கழுதைப்புலி இரண்டு.

இந்தக் கணக்கெடுப்புக்குப் பின்னால் இருப்பது ஓர் எளிய நம்பிக்கை. மே மாத வெயிலில் பெரும்பாலான விலங்குகள் நாளுக்கு ஒரு முறையாவது தண்ணீரைத் தேடி வந்தே தீரும். புலிகளை எண்ணத் தானியங்கிக் காமிராக்கள் வந்துவிட்ட பிறகும் பௌர்ணமி மச்சான் மறையவில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு விலங்குகளின் எண்ணிக்கையோடு இன்னொன்றும் புரிந்துவிடும். பல மைல் சுற்றளவில் இருக்கும் உயிர்களெல்லாம் அந்த நேரத்தில் நம்பியிருப்பது காலடியில் மினுங்கும் அந்தச் சிறு தண்ணீரைத்தான்.

அந்தத் தண்ணீர் பல இடங்களில் இப்போது மனிதர் வைப்பது. குஜராத்தின் கிர் காட்டில் நூற்றுக்கணக்கான செயற்கை நீர்த்தொட்டிகள் இருக்கின்றன. சிலவற்றைக் காற்றாலைகளும் சூரிய சக்தி பம்புகளும் நிரப்புகின்றன. சிலவற்றுக்கு டேங்கர் போகிறது. கர்நாடகத்தின் பந்திப்பூரிலும் நாகர்ஹொளேயிலும் சூரிய பம்புகள் ஓடுகின்றன. தமிழ்நாட்டில் முதுமலையிலும் வறட்சி முற்றினால் லாரியில் தண்ணீர் கொண்டுபோய்த் தொட்டிகளில் ஊற்றுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கட்டிய இரண்டாவது ஆண்டிலேயே வெடித்து, மூன்றாவது ஆண்டில் சருகு நிரம்பிக் கிடக்கும் தொட்டிகளும் காடெங்கும் உண்டு. அவற்றை நம்பி வரும் விலங்குக்குத் தொட்டியே இல்லாமல் இருந்திருந்தால்கூட நல்லது. வேறு இடம் தேடிப் போயிருக்கும்.

ஒரு சிறு குட்டை நீடித்து நிற்க என்ன வேண்டும்? சிமென்ட் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் பதில். பழைய குளங்கள் சொல்லும் பதில் வேறு.

ராஜஸ்தானின் ரந்தம்போரில் கோட்டைக்குக் கீழே பதம் தலாவ், ராஜ்பாக், மலிக் தலாவ் என்று மூன்று ஏரிகள். கோட்டை ஆண்டவர்கள் காலத்தில் அமைந்தவை. ராஜாக்கள் போய்விட்டார்கள், இன்று கடமான்கள் கழுத்தளவு நீரில் இறங்கி நீர்ச்செடிகளை மேய்கின்றன, புலிகள் கரையில் காத்திருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் கோட்டை மலையில் பாறையைக் குடைந்து வெட்டிய குளங்கள் இன்னும் மழைநீரைத் தேக்குகின்றன. வெட்டியவர்கள் செய்த காரியம் ஒன்றுதான்: மழைநீர் தானாக எங்கே வந்து நிற்கப் பார்க்கிறதோ அங்கே அதற்கு ஓர் இருக்கை போட்டார்கள்.

வெயில் குடிக்கும் பங்கு

குட்டைக்கு முதல் எதிரி தாகம் கொண்ட விலங்கல்ல, வெயில். சௌராஷ்டிரம், ராஜஸ்தான் போன்ற வறண்ட பகுதிகளில் மே மாத நாள் ஒன்றில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து சுமார் 1 சென்டிமீட்டர் ஆவியாகிவிடுகிறது. கேட்கச் சிறிதாகத் தெரியலாம். 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் உள்ள குட்டையில் அது நாளுக்கு 9,000 லிட்டர். ஒரு டேங்கர் லாரி. ஒரு வளர்ந்த யானை நாளுக்கு 100 முதல் 200 லிட்டர் வரை குடிக்கும். அப்படியானால் அந்தக் குட்டையில் வெயில் குடிப்பது நாற்பத்தைந்துக்கும் மேற்பட்ட யானைகள் குடிப்பதற்குச் சமம்.

ஆகவே அகலத்தைவிட ஆழம் முக்கியம். மழை ஓய்ந்த அக்டோபரிலிருந்து அடுத்த மழை வரும் ஜூன் வரை ஒன்பது மாதத்தில் ஆவியாகப் போவது மட்டும் சுமார் ஒன்றரை மீட்டர். கசிவுக்கும் அதே அளவு ஒதுக்கினால் நடுவில் 3 மீட்டர் ஆழம் இருந்தால்தான் மே மாதக் கடைசியில் அடியில் கொஞ்சம் மிஞ்சும். ஒரு மீட்டர் ஆழத்தில் பரந்து கிடக்கும் குட்டை பார்க்க அழகாக இருக்கும். பங்குனிக்குள் வெடித்த தரையாகிவிடும்.

நிழலும் உதவும். பிற்பகல் வெயில் வரும் மேற்குப் பக்கத்தில் மரங்கள் நின்றால் ஆவியாவது குறையும். ஆனால் கரையின் மேல் மரம் வைக்கக் கூடாது. ஆல், அரசு போன்றவற்றின் வேர் ஈரத்தைத் தேடிக் கரைக்குள் புகும். வேர் மட்கினால் அந்த வழியே தண்ணீர் போகும்.

நீர் வரத்துக் கணக்கு இதைவிட எளிது. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழை பெய்யும் காட்டில் ஒரு ஹெக்டேர் சரிவில் விழுவது 60 லட்சம் லிட்டர். மண்ணும் செடியும் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டு, ஐந்தில் ஒரு பங்கு மட்டும் ஓடி வந்தாலும் 12 லட்சம் லிட்டர். 18 மீட்டர் குறுக்களவும் 3 மீட்டர் ஆழமும் கொண்டு கிண்ணம்போல் சரிந்து இறங்கும் குட்டையில் பிடிப்பது ஏறக்குறைய இரண்டரை லட்சம் லிட்டர்தான். கால் ஹெக்டேர் சரிவு இருந்தால் அது நிரம்பிவிடும். அதே தண்ணீரை 5,000 லிட்டர் டேங்கரில் கொண்டுவர வேண்டுமானால் ஐம்பது நடை. அதுவும் அந்த லாரிக்குக் காட்டுக்குள் பாதை போட்டு, டீசல் செலவழித்து, அமைதியைக் கெடுத்து.

மிதித்த மண்ணின் பலம்

இடம் சரிதானா என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். குழி ஒன்று தோண்டி மாலையில் தண்ணீர் நிரப்ப வேண்டும். மண் குடிக்கிறவரை குடிக்கட்டும் என்று மறுநாளும் ஒரு முறை நிரப்பிப் பார்த்தால், காலையில் எவ்வளவு நிற்கிறது என்பதே விடை. ஈர மண்ணைக் கையில் உருட்டினால் உடையாத உருண்டையாக வர வேண்டும். கயிறுபோல் திரிக்க முடிந்தால் இன்னும் நல்லது. மணல் தரையானால் வெளியிலிருந்து களிமண் கொண்டுவர வேண்டியிருக்கும்.

கொண்டுவந்த களிமண்ணை ஒரேயடியாகக் கொட்டிப் பரப்பினால் பயனில்லை. ஒரு சாண் கனத்துக்குப் போட்டு, நனைத்து, மாடுகளை விட்டு மிதிக்கவைத்து அல்லது திம்மிசு போட்டு, அதன் மேல் அடுத்த அடுக்கு. மண்ணுக்குள் இருக்கும் காற்று வெளியேறி இறுகினால்தான் தண்ணீர் நிற்கும். எருமைகள் புரளும் குட்டை ஏன் வற்றுவதில்லை என்பதற்கும் இதுதான் காரணம்: தினமும் மிதிபட்டே அதன் அடி இறுகிவிடுகிறது. கரிசல் மண்ணில் ஓர் எச்சரிக்கை. ஈரமாக இருக்கும்வரை நீரைப் பிடித்து வைக்கும். ஒரு முறை முழுக்கக் காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும்.

மண் கரை போடுகிறவர்கள் பெரும்பாலும் மறக்கும் விஷயங்கள் இரண்டு. முதலாவது, கரைக்குக் கீழே கெட்டித் தரை வரும்வரை ஒரு பள்ளம் தோண்டி அதைக் களிமண்ணால் அடைப்பது. இல்லாவிட்டால் தண்ணீர் கரைக்கு அடியிலேயே வழி கண்டுபிடிக்கும். இரண்டாவது, மறுகால். மிகுந்த தண்ணீர் வெளியேறக் கல் பாவிய ஒரு வழி, கரையின் உச்சியைவிட அரை மீட்டராவது தாழ்ந்து இருக்க வேண்டும். சிறு குட்டைகளின் கரை உடைவது பெரும்பாலும் தண்ணீர் மேலே வழிந்து மண்ணை அரிப்பதால்தான். தமிழ்நாட்டின் ஏரிகளைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீர் உள்ளே வரும் வாயில் ஒரு சிறு குழி வெட்டி வைத்தால் வண்டல் அங்கேயே படியும். குட்டையைத் தூர் வாருவதற்குப் பதில் அந்தக் குழியைத் தூர் வாரினால் போதும்.

பிளாஸ்டிக் விரிப்பு போடுகிறவர்கள் உண்டு. பண்ணைக் குட்டைக்கு அது சரி. காட்டில் கடமானின் குளம்பும் பன்றியின் மூக்கும் அதைக் கிழித்துவிடும். யானை இறங்கினால் கேட்கவே வேண்டாம். போட்டுத்தான் ஆக வேண்டுமானால் மேலே ஒரு முழம் மண் மூடியிருக்க வேண்டும்.

சிமென்டுக்கும் இடமுண்டு. களிமண்ணே கிடைக்காத பாறைக் காட்டில், பம்பிலிருந்து தண்ணீர் வரும் இடத்தில், சாசர் வடிவத் தொட்டிதான் வழி. அதில் கம்பி வலை இருக்க வேண்டும். கட்டியபின் இரண்டு வாரமாவது ஈரச் சாக்குப் போட்டு ஆறவிட வேண்டும். கோடை வந்தபிறகு அவசரமாகக் கட்டி, ஈரம் காயுமுன்னே வெயிலில் விட்ட தொட்டிதான் முதலில் வெடிக்கிறது. புதுச் சிமென்டின் காரம் நீரில் இறங்குவதால் முதலில் நிரப்பிய தண்ணீரை இரண்டொரு முறை வெளியேற்றிவிட்டுத்தான் விலங்குக்குத் திறக்க வேண்டும்.

இறங்க முடியும், ஏற முடியுமா?

குட்டையின் வடிவத்தில் உயிர் போகிற விஷயம் ஒன்று இருக்கிறது: சரிவு. நேர்ச்சுவர் எடுத்த தொட்டியில் தண்ணீர் இறங்கிப்போனால் எட்டிக் குடிக்கப் போன குட்டி உள்ளே விழுகிறது. பாசி படிந்த சுவரில் குளம்பு பிடிக்காது. அணில், ஓணான், பறவைக் குஞ்சு, தேனீ என்று சின்னஞ்சிறு உயிர்கள் விழுந்தால் கணக்கிலேயே வருவதில்லை.

ஒரு பக்கமாவது நான்கு மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் ஆழம் இறங்கும்படி சரிவு இருக்க வேண்டும். மூன்று மீட்டர் ஆழக் குட்டைக்கு அந்தச் சரிவு 12 மீட்டர் நீளும். எதிர்ப் பக்கம் 6 மீட்டர் போதும். அப்போது ஆழமான இடம் நடுவில் இல்லாமல் ஓரமாகத் தள்ளி அமையும். தண்ணீர் எவ்வளவு குறைந்தாலும் முயல் வந்து நிற்க ஒரு கரை இருக்கும். சிமென்டுத் தொட்டியானால் மழமழவென்று பூசக் கூடாது. சொரசொரப்பாக விட்டு, ஓரத்தில் கல் அடுக்கி, ஒரு மரக் கட்டையைச் சாய்த்து வைத்தால் விழுந்தது ஏறி வரும்.

இது சிறிய விஷயமல்ல என்பதை கிர் வட்டாரம் கண்டிருக்கிறது. 1990-ல் 284 ஆக இருந்த ஆசியச் சிங்கங்கள் 2025 கணக்கெடுப்பில் 891 ஆகியிருக்கின்றன. காடு போதாமல் கணிசமானவை வயல்களிலும் புதர்களிலும் திரிகின்றன. அங்கே தரைமட்டத்தில் வாய் திறந்து கிடந்த பாசனக் கிணறுகள் இருட்டில் இரையைத் துரத்தி வந்த சிங்கங்களைப் பல முறை விழுங்கியிருக்கின்றன. வனத்துறையும் தன்னார்வ அமைப்புகளும் சேர்ந்து ஆயிரக்கணக்கான கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பிய பிறகே அந்தச் சாவுகள் குறைந்தன. தண்ணீர் அருகில் இருந்தால் மட்டும் போதாது. அதற்குப் போக வழி வேண்டும், அதிலிருந்து திரும்பவும் வழி வேண்டும்.

தண்ணீர்க் கரையில் காத்திருப்பது வெயிலும் வழுக்குச் சுவரும் மட்டுமல்ல. கான்ஹா காட்டில் ஷ்ரவண் தால் என்றொரு குளம். பார்வையற்ற பெற்றோருக்காகக் குடத்தில் நீர் மொண்ட சிரவணகுமாரனை, யானை நீர் குடிக்கும் ஓசை என்று எண்ணி தசரதன் அம்பெய்தது இங்குதான் என்பது அந்த வட்டார நம்பிக்கை. நடந்த இடம் எதுவானாலும் கதையின் அடிப்படை வேட்டைக்காரர் எல்லோருக்கும் தெரிந்தது: விலங்கைத் தேடி அலைய வேண்டாம், தண்ணீரருகே காத்திருந்தால் போதும். இன்றைய கள்ள வேட்டைக்காரர்கள் அம்புக்குப் பதில் சிறு குட்டைகளில் யூரியாவையும் பூச்சிமருந்தையும் கலக்கிறார்கள். ஆகவே காவலர் தினமும் கால்நடையாகச் சென்று பார்க்கக்கூடிய இடமாகவும், சாலையிலிருந்து எளிதில் வந்துவிட முடியாத இடமாகவும் குட்டை இருக்க வேண்டும். கரையில் செத்துக் கிடக்கும் தவளையும் தேனீயும்தான் முதல் எச்சரிக்கை. வயலை ஒட்டி வெட்டினாலும் ஆபத்து. குடிக்க வந்த காட்டுப்பன்றி அடுத்த வேளைக்குக் கடலைக் கொல்லையைப் பார்க்கும்.

நோயும் கரையில் கூடுகிறது. 1960-களின் பிற்பகுதியில் முதுமலை, பந்திப்பூர் காடுகளில் மாட்டு வெக்கை நோய் காட்டெருதுகளை வாரிக்கொண்டு போனது. அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011-ல் அறிவிக்கப்பட்டது. ஆனால் கோமாரி போகவில்லை. ஊர் மாடும் காட்டு மாடும் ஒரே தொட்டியில் வாய் வைக்கும்படி செய்வது நோய்க்குப் பாலம் போடுவது. தேங்கிக் கெட்ட நீரும் கொல்லும். 2020-ல் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. நீரில் பெருகிய நுண்பாசியின் நச்சே காரணம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது.

எத்தனை போதும்?

ஒரு குட்டை நல்லது என்றால் நூறு குட்டை இன்னும் நல்லதுதானே? இந்தக் கேள்விக்கு தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா விலை கொடுத்து விடை கண்டது. 1930-களிலிருந்து அங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட ஆழ்துளைக் கிணறுகள் தோண்டிக் காடெங்கும் தண்ணீர் வைத்தார்கள். வறண்ட வடபகுதியில் ரோன் என்ற அரிய பெரிய மான் வாழ்ந்தது. புதுத் தண்ணீரைத் தேடி வரிக்குதிரைகள் வந்தன. வரிக்குதிரைகளைத் தேடிச் சிங்கங்கள் வந்தன. 1986-ல் சுமார் 450 ஆக இருந்த ரோன் மான்கள் 1993-ல் 45 ஆகச் சுருங்கின. பிறகு பூங்காவே தன் தண்ணீர்த் தொட்டிகளில் பெரும்பாலானவற்றை மூடியது.

இந்தியாவிலும் வெகு நாள் தண்ணீரின்றித் தாக்குப்பிடிக்கும் சின்காரா மான் போன்ற உயிர்கள் உண்டு. வறட்சி அவற்றுக்குப் பாதுகாப்பு. மூலைக்கு மூலை தண்ணீர் வைத்தால் கோடையில் ஓய்வெடுக்க வேண்டிய புல்வெளியும் ஓய்வின்றி மேயப்படுகிறது. எங்கே வைப்பது என்பதுபோல எங்கே வைக்காமல் இருப்பது என்பதும் முடிவுசெய்ய வேண்டிய ஒன்று. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 29-வது பிரிவு, சரணாலயத்துக்குள் நீரோட்டத்தைத் திருப்புவது, நிறுத்துவது மட்டுமின்றி அனுமதியில்லாமல் பெருக்குவதையும் தடுக்கிறது. நல்லெண்ணத்தோடு மண்வெட்டி எடுத்துச் செல்லும் தன்னார்வலருக்கும் அது பொருந்தும். அவர்கள் கைவைக்க வேண்டியது காட்டை ஒட்டிய தங்கள் நிலத்திலும் ஊர்ப் பொது நிலத்திலும்தான்.

அங்கே என்ன செய்ய முடியும் என்பதற்கு ராஜஸ்தானின் அல்வர் மாவட்டம் சாட்சி. 1985-ல் தருண் பாரத் சங்கத்தின் ராஜேந்திர சிங் அங்கே போனபோது கிணறுகள் வறண்டு, இளைஞர்கள் பிழைப்புக்கு நகரங்களுக்குப் போயிருந்தார்கள். ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்த பழைய வித்தை ஜோஹட்: சரிவின் குறுக்கே பிறை வடிவில் ஒரு மண் கரை. ஊரார் தங்கள் கையாலேயே அதை மீட்டெடுத்தார்கள். ஜோஹட்டுகள் பெருகப் பெருக நிலத்தடி நீர் ஏறியது. மழைக்காலம் முடிந்ததும் வறண்டுபோகும் அர்வரி ஆறு ஆண்டு முழுவதும் ஓடத் தொடங்கியது. பாவ்ந்தா, கோல்யாலா என்ற இரு கிராமங்கள் தங்கள் மலைக்காட்டையே மக்கள் சரணாலயமாக அறிவித்தன. 2000 மார்ச்சில் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் நேரில் சென்று அவ்வூர்களுக்கு விருது வழங்கினார். 2001-ல் ராஜேந்திர சிங்குக்கு மகசேசே விருது கிடைத்தது.

ஜோஹட் விலங்குக்கென்று வெட்டியதல்ல. ஊருக்கு, மாட்டுக்கு, கிணற்றுக்கு. ஆனால் அதில் நின்ற தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, கீழே ஓடையாகக் கசிந்தபோது காட்டுக்கும் பங்கு கிடைத்தது. டேங்கர் ஊற்றும் தொட்டிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தொட்டி, தாகத்தை அன்றைக்குத் தீர்க்கிறது. சரியான இடத்தில் போட்ட மண் கரை, ஊற்று ஏன் வற்றியது என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது. பஞ்சம் முற்றிய ஆண்டில் தொட்டி இல்லாமல் முடியாது. ஆண்டுதோறும் தொட்டியே கதி என்றாகிவிட்ட காட்டில், மேலே மலையிலும் ஓடையிலும் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

தில்லி காந்தி அமைதி நிறுவனத்தில் பணிபுரிந்த அனுபம் மிஸ்ரா, நாடெங்கும் உள்ள குளங்களைப் பற்றி 1993-ல் ஓர் இந்திப் புத்தகம் எழுதினார். 'ஆஜ் பீ கரே ஹைன் தாலாப்' என்ற அதன் பெயருக்குப் பொருள், 'குளங்கள் இன்றும் மெய்யானவை' என்பதே. நின்றவை எல்லாம் யாரோ ஆண்டுதோறும் கவனித்தவை. ஜூன் முதல் மழைக்கு முன் வண்டல் குழியைச் சுத்தம் செய்வது, கரையில் எலி வளை இருக்கிறதா என்று பார்ப்பது, மறுகாலில் அடைத்த சருகை அள்ளுவது. சிறு குட்டையானால் நான்கு பேருக்கு ஒரு நாள் வேலை. குட்டை வெட்டப் பணம் ஒதுக்கும் திட்டங்களில் அந்த ஒரு நாளுக்கும் ஆண்டுதோறும் கூலி எழுதிவைத்தால், அடுத்த பூர்ணிமைகளிலும் மச்சானில் இருப்பவர்களுக்கு எண்ண ஏதாவது இருக்கும்.